பட்டினிப் படையின் தலைவர்: ஜார்ஜ் வாஷிங்டன்

படைத்தலைவர் ஒருவரின் பெருமையை அவர் வென்ற போர்களைக் கொண்டு அளப்பதே உலக வழக்கம். அவ்வளவுகோலைக் கொண்டு நோக்குவோமாயின், அமெரிக்க விடுதலைப் போரை நடத்திய ஜார்ஜ் வாஷிங்டன் உலகத்து மாவீரர் வரிசையின் கடைசியிலேதான் நிற்க வேண்டியவராவார். அவர் நேரில் நின்று நடத்திய போர்களுட் பல தோல்வியில் முடிந்தவை. நகரங்களை இழந்தார், கோட்டைகளை இழந்தார், பலமுறை பின்வாங்கினார். ஆயினும் எட்டாண்டுகளுக்கு மேலாக, வயிற்றுக்கு உணவும் உடலுக்கு உடையும் உழைப்புக்கு ஊதியமும் கிடையாத ஒரு சேனையைக் கலைந்து போகாமற் காத்தார். முடிவில் அச்சேனையின் வலிமையைத் தமக்கென்று கொள்ளாமல் மக்களிடமே திருப்பி அளித்தார். இவ்விரண்டு செயல்களுமே அவரைப் பெரியோருள் ஒருவராக்கின. அவருடைய வரலாற்றை இந்நோக்குடன் சிறிது ஆராய்வோம்.

வாஷிங்டன் 1732ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் விர்ஜீனியா நாட்டில் ஒரு நிலக்கிழார் குடும்பத்தில் தோன்றினார். பதினோராவது வயதில் தந்தையை இழந்தார். மூத்த தாரத்துப் பிள்ளைகள் இங்கிலாந்து சென்று கல்வி கற்றவர்கள். இவருக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. கல்லூரி வாசலை மிதியாத அச்சிறுவர் கணக்கும் நில அளவையும் பயின்று, பதினாறாம் வயதிலேயே அளவுச் சங்கிலியுடன் காடும் மலையும் சுற்றப் புறப்பட்டார். மழையில் நனைந்து வெறுந்தரையில் உறங்கவும், வெள்ளம் பெருகிய ஆறுகளைக் கடக்கவும், நிலத்தின் மேடு பள்ளங்களை ஒரு பார்வையில் அறியவும் அத்தொழில் அவருக்குக் கற்பித்தது. 1751இல் காசநோயால் வருந்திய அண்ணன் லாரன்ஸுக்குத் துணையாகப் பார்படோஸ் தீவுக்குச் சென்றபோது அவரைப் பெரியம்மை பற்றியது. உயிர் தப்பினார், அவ்வனுபவம் பின்னொரு நாள் ஒரு சேனையையே காக்கப்போகின்றது என்பதை அன்று யார் அறிவர்?

போர்த்தொழிலில் அவர் கற்ற முதற் பாடங்கள் தோல்விப் பாடங்களே. ஓஹையோ ஆற்று நாட்டின் பொருட்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பிணங்கிய காலத்தில், இருபத்திரண்டு வயதுத் தளபதியாக அவர் காட்டினிடையே ஒரு சிறு கோட்டையை அமைத்தார். தாழ்ந்த புல்வெளியில் அமைந்த அவ்விடத்தின் அகழிகளில் மழைநீர் நிறைந்தது, வெடிமருந்து நனைந்தது. 1754ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் இரவு அவர் சரணடைந்து, மறுநாட் காலை வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டு பிராடக் என்னும் ஆங்கிலத் தளபதியின் படை அக்காட்டிலே சின்னாபின்னமாயிற்று. நோயுற்றிருந்தும் உடன் சென்ற வாஷிங்டன் ஏறியிருந்த குதிரைகள் இரண்டு சுட்டு வீழ்த்தப்பட்டன. அவருடைய மேலங்கியை நான்கு குண்டுகள் துளைத்தன. பின்னர் மூன்றாண்டுகள் எல்லைப்புறத்தில் விர்ஜீனியாப் பட்டாளத்தை நடத்தியபோது, ஊதியமும் உணவும் அனுப்ப மனமில்லாத ஒரு சட்டசபைக்குக் கடிதம் எழுதி எழுதி ஓய்ந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் அடையவிருந்த துன்பங்களுக்கு இஃது ஓர் ஒத்திகை என்றே கூறலாம்.

1759இல் மார்த்தா என்னும் கைம்பெண்ணை மணந்து, மவுண்ட் வெர்னான் என்ற தம் பண்ணையில் அமைதியான வேளாண் வாழ்க்கையை மேற்கொண்டார். அவ்வமைதி நீடிக்கவில்லை. தங்கள் பிரதிநிதிகள் ஒருவரும் இல்லாத ஆங்கிலப் பார்லிமெண்டு தங்கள்மேல் வரி விதித்தல் முறையன்று என்று அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் வாதாடினர். 1773ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாருடைய தேயிலைப் பெட்டிகள் 342 பாஸ்டன் துறைமுகக் கடலில் எறியப்பட்டன. அரசாங்கம் துறைமுகத்தை அடைத்தது, பட்டாளங்களைக் குவித்தது. 1775 ஏப்ரல் 19இல் லெக்ஸிங்டன் என்னும் சிற்றூரில் முதற் குருதி சிந்திற்று. குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் மகாசபை ஜூன் மாதம் 15ஆம் நாள் வாஷிங்டனைச் சேனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. இப்பொறுப்பைத் தாங்கும் தகுதி தமக்கில்லை என்று அடக்கத்துடன் தெரிவித்த அவர், சம்பளம் வேண்டாமென மறுத்து, செலவுக் கணக்கை மட்டும் எழுதி வைப்பதாகக் கூறிப் பதவியை ஏற்றார்.

பாஸ்டன் நகரைச் சூழ்ந்திருந்த சேனையை அவர் காணச் சென்றபோது அங்கே கண்டது சேனையன்று. துப்பாக்கி ஏந்திய உழவர் கூட்டமே. வெடிமருந்துக் கிடங்கைச் சோதித்தபோது ஆளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்பது வெடிக்குரிய மருந்தே இருந்ததாம். அச்செய்தி பகைவர் காதுக்கு எட்டாதவாறு மறைத்து மாதக்கணக்கில் முற்றுகையை நடத்தினார். புத்தகக் கடை வைத்திருந்த ஹென்ரி நாக்ஸ் என்னும் இளைஞர், டிக்கண்டரோகாக் கோட்டையினின்று ஏறக்குறைய அறுபது பீரங்கிகளைச் சறுக்கு வண்டிகளில் ஏற்றி, 300 மைல் தூரம் பனியில் இழுத்து வந்தார். 1776 மார்ச்சு மாதம் ஓர் இரவில் அவை பாஸ்டனுக்கு எதிர்க்குன்றின்மேல் ஏற்றப்பட்டன. பொழுது விடிந்து அவற்றைக் கண்ட ஆங்கிலத் தளபதி சின்னாட்களில் நகரைவிட்டுக் கப்பலேறினார்.

இவ்வெற்றியின் மகிழ்ச்சி அடங்குமுன் பெருந்துன்பம் தொடர்ந்தது. 1776 ஜூலை 4ஆம் நாள் சுதந்தரப் பிரகடனம் வெளியாயிற்று; அந்நாட்களிலேயே நியூயார்க்கு நகரை நோக்கிப் பெருங் கப்பற்படையொன்று வந்து சேர்ந்தது. லாங் தீவுப் போரில் வாஷிங்டனுடைய சேனை முறிந்து ஆற்றங்கரையில் நெருக்குண்டு நின்றது. ஆகஸ்டு 29ஆம் நாள் இரவில், மீனவர் பட்டாளமொன்று படகு செலுத்த, சுமார் 9,000 வீரர் ஓசையின்றி அக்கரை சேர்ந்தனர். விடியற்காலையில் மூடுபனி எழுந்து எஞ்சியோரை மறைத்தது. கடைசியாகப் படகேறியவர்களுள் ஒருவர் சேனாதிபதி. நவம்பரில் அவர் பெயரையே தாங்கிய கோட்டையும் வீழ்ந்தது. 2,800 பேர் சிறைப்பட்டனர். எஞ்சிய சேனை நியூஜெர்ஸி வழியே பின்வாங்கி டெலாவேர் ஆற்றைக் கடந்தபோது சில ஆயிரவராகச் சுருங்கியிருந்தது. அவர்களிலும் பெரும்பாலோருடைய சேவைத் தவணை டிசம்பர் 31ஆம் நாளோடு முடிவடைவது. ஆண்டு முடியும்போது சேனையும் முடிந்துவிடும் என்றே பகைவர் எண்ணினர்.

இந்நிலையில் வேறொருவராயின் மனம் ஒடிந்திருப்பர். வாஷிங்டன் கிறிஸ்துமஸ் இரவில், மிதக்கும் பனிக்கட்டிகளினூடே 2,400 வீரரையும் 18 பீரங்கிகளையும் படகுகளில் ஏற்றி டெலாவேர் ஆற்றை மீண்டும் கடந்தார். பனிக்காற்றும் கல்மழையும் முகத்தில் அறைந்தன. காலணியில்லாதோர் கந்தைகளைக் காலிற் சுற்றி ஒன்பது மைல் நடந்தனர். அவர்கள் சென்ற வழியிற் பனியின்மேற் குருதிச் சுவடுகள் காணப்பட்டன என்பர். குளிரால் வழியிலேயே உயிர் நீத்தாரும் உண்டு. காலை எட்டு மணியளவில் டிரெண்டன் நகரில் ஆங்கிலேயருக்கெனப் போர் செய்த ஜெர்மானியப் படையை வளைத்துச் சுமார் 900 பேரைச் சிறைப்பிடித்தனர்.

அதனினும் அரியதொரு வெற்றி அவ்வாண்டின் இறுதியிற் கிட்டியது. தவணை முடிந்து வீடு திரும்ப நின்ற வீரரை அணிவகுக்கச் செய்து, இன்னும் ஆறு வாரம் தங்குவோர்க்குப் பத்து டாலர் தருவதாக வாஷிங்டன் அறிவித்தார். முரசு முழங்கியது, ஒருவரும் முன்வரவில்லை. அவர் குதிரையைத் திருப்பி மீண்டும் அவர்கள்முன் வந்து, அவர்கள் பட்ட பாட்டையும், அவர்களையன்றி நாட்டுக்கு வேறு துணையில்லாமையையும் எடுத்துரைத்தார். ஒருவர் முன் வந்தார். பின்னர் ஒருவர்பின் ஒருவராகப் பலர் வந்தனர். அதட்டலால் நிறுத்த முடியாதவரை அன்பால் நிறுத்திய தலைவர் சில நாட்களில் பிரின்ஸ்டனிலும் வென்றார்.

பகைவரின் குண்டினும் கொடியதாய் நோய் சேனையை அழித்துவந்தது. 1776இல் கனடா நாட்டின்மேற் சென்ற படையைப் பெரியம்மை சிதைத்திருந்தது. ஜென்னரின் பசுவம்மைப்பால் முறை உலகம் அறியாத காலம் அது. லேசாக அம்மை கண்டவரின் சீழை எடுத்துக் கீறி வைக்கும் பழைய முறையே உண்டு. அதனால் வீரர் சில வாரம் படுக்கையிற் கிடப்பர். சிலர் இறத்தலும் கூடும். பகைவர் அறிந்தால் அந்நேரத்தில் தாக்குவர். தம் முகத்திலேயே அம்மைத் தழும்பைத் தாங்கியிருந்த வாஷிங்டன் 1777 பிப்ரவரியில் துணிந்து, சேனை முழுமைக்கும் அம்மை குத்த ஆணையிட்டார். பகுதி பகுதியாக, மறைவாக அஃது நிறைவேறியது. போர்க்களத்தில் எடுத்த எம்முடிவையும்விட இம்முடிவு மிகுதியான உயிர்களைக் காத்தது என்று கருதுவோர் பலர்.

1777ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பிராண்டிவைனிலும் ஜெர்மன்டவுனிலும் தோற்றுத் தலைநகராகிய பிலதெல்பியாவையும் இழந்தபின், டிசம்பர் 19ஆம் நாள் சுமார் 12,000 வீரருடன் வாலி போர்ஜ் என்னும் குன்றுப்புறத்தை வாஷிங்டன் அடைந்தார். அங்கே வீடில்லை, குடிசையில்லை. மரங்களை வெட்டிப் பதினாறடி நீளமும் பதினான்கடி அகலமுமுள்ள குடில்களை வீரர் தாமே கட்டவேண்டும். ஒவ்வொன்றிலும் பன்னிருவர் தங்கவேண்டும். பட்டாளந்தோறும் சிறந்த குடிலைக் கட்டுவோர்க்குப் பன்னிரண்டு டாலர் பரிசென்று சேனாதிபதி அறிவித்தார். முதற் சில நாட்கள் தாமும் கூடாரத்திலேயே தங்கினார்.

டிசம்பர் 23ஆம் நாள் அவர் மகாசபைக்கு எழுதிய கடிதத்தில், காலணியும் உடையும் இன்மையால் வேலைக்குதவாதவர் மட்டும் 2,898 பேர் எனக் கணக்குக் காட்டினார். இறைச்சி பல நாட்கள் கிடையாது. மாவை நீரிற் பிசைந்து கல்லின்மேற் சுட்ட உப்பற்ற அடையே பலர்க்கு உணவு. ஒருவர் உடையை ஒருவர் இரவல் வாங்கிக் காவலுக்குச் சென்றனர். தீனியின்றி நூற்றுக்கணக்கான குதிரைகள் மடிந்தன.

இத்துன்பத்துக்குக் குளிர்காலத்தின் கொடுமையே காரணம் என்று எண்ணுதல் தவறு. அவ்வாண்டுக் குளிர் அந்நாட்டிற்குப் புதியதன்று. நாட்டில் தானியமும் இருந்தது, ஆடுமாடுகளும் இருந்தன. அவற்றைச் சேகரித்து ஏற்றியனுப்பும் அதிகாரத் துறையே சீர்குலைந்து கிடந்தது. மகாசபைக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை; அது அச்சிட்ட காகித நாணயத்துக்கு மதிப்பில்லை. சுற்றுப்புற உழவர் பலர் பொன் நாணயம் தரும் ஆங்கிலேயருக்கே தானியத்தை விற்றனர். எந்த மக்களின் உரிமைக்காக வீரர் பட்டினி கிடந்தனரோ, அம்மக்களே அவர்களை மறந்தனர் என்பது எத்துணை வேதனை! அம்மக்களின் களஞ்சியங்களைக் கொள்ளையிட்டுப் பசி தீர்த்தல் எளிது. வாஷிங்டன் அதற்கு எளிதில் இசைந்தாரல்லர். குடிமக்களைக் கொள்ளையிடும் சேனை, அவர்களுக்கு விடுதலை தேடித்தரும் சேனையாதல் எங்ஙனம்? பிப்ரவரியில் வேறு வழியின்றி நதேனியல் கிரீன் என்ற தளபதியை அனுப்பிக் கால்நடையும் தானியமும் திரட்டச் செய்தபோதும், எடுத்த பொருளுக்குச் சீட்டெழுதிக் கொடுக்கவே கட்டளையிட்டார்.

பஞ்சத்தோடு பழிப்பும் சேர்ந்தது. சாரடோகாவில் ஓர் ஆங்கிலச் சேனையையே சரணடையச் செய்த கேட்ஸ் என்னும் தளபதியை உயர்த்தி, வாஷிங்டனைத் தாழ்த்திப் பேசுவோர் மகாசபையிலும் சேனையிலும் தோன்றினர். அவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளவுமில்லை. பதவியை உதறிச் செல்லவுமில்லை. மகாசபையின் உறுப்பினரைப் பாசறைக்கே வரவழைத்து நிலைமையைக் கண்ணாரக் காணச் செய்தார். அதன் பயனாகக் கிரீன் உணவும் வண்டியும் அனுப்பும் துறைக்குத் தலைவரானார். நிலைமை திருந்தத் தொடங்கியது.

பிப்ரவரி இறுதியில் ஸ்டாய்பன் என்னும் பிரஷ்ய வீரர் வந்து சேர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆணைகளைப் பிரெஞ்சு மொழியிற் கூற மற்றவர் மொழிபெயர்த்தனர். ஒரு சிறு குழுவுக்கு முதலிற் பயிற்சியளித்து, அவர்களைக் கொண்டே சேனை முழுவதையும் பயிற்றினார். சமையலிடமும் மலசலக் குழிகளும் எங்கெங்கு அமையவேண்டும் என்பதுகூட அவர் வகுத்த ஒழுங்கில் அடங்கும். ஆயினும் காய்ச்சலும் கழிச்சலும் விடவில்லை. அப்பாசறையில் ஆறு மாதத்துள் சுமார் 2,000 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் இறந்தது குளிர் குறைந்த வசந்த மாதங்களில். ஒரு போரும் நடவாத இடத்தில் இத்தனை உயிர்கள் போயின. ஆனால் 1778 ஜூன் 19ஆம் நாள் அங்கிருந்து புறப்பட்ட சேனை, வந்து சேர்ந்த கூட்டமன்று. ஒன்பது நாள் கழித்து மன்மவுத்துப் போர்க்களத்தில், கடும் வெயிலில், ஆங்கிலப் பட்டாளங்களுக்கு எதிரே நாள் முழுதும் தளராது நின்று அது தன்னைப் புலப்படுத்தியது. அதற்குள் பிரெஞ்சு நாடும் அமெரிக்காவுக்குத் துணையாகியிருந்தது.

வாலி போர்ஜின் புகழால் மறைந்துபோன மற்றொரு குளிர்காலம் உண்டு. 1779–80இல் மாரிஸ்டவுன் பாசறையில் அடித்த குளிர் அதனினும் கொடியது. நியூயார்க்குத் துறைமுகமே உறைந்துபோயிற்று. காகித டாலர் நாற்பது கொடுத்தும் வெள்ளி டாலர் ஒன்று பெறல் அரிதாயிற்று. பொறுமைக்கும் எல்லையுண்டன்றோ? 1781ஆம் ஆண்டு பிறந்த அன்றே பென்சில்வேனியாப் பட்டாளத்தார் கலகஞ் செய்து பாசறையைவிட்டு வெளியேறினர். ஆங்கிலேயர் பொன்னாசை காட்டித் தூதர் இருவரை அனுப்பினர். பசித்த அக்கலகக்காரரோ அத்தூதரைப் பிடித்துத் தம் தலைவரிடமே ஒப்படைத்தனர். அவர்கள் கேட்டது நீதியேயன்றிப் பகைவரின் பொன்னன்று. பேச்சு நடத்தி அவர்கள் குறைகள் தீர்க்கப்பட்டன.

சின்னாட்களில் நியூஜெர்ஸிப் பட்டாளமும் எழுந்தபோது வாஷிங்டன் கடுமை காட்டினார். படையனுப்பி அவர்களை வளைத்து, தலைவர் இருவரை அவர்தம் தோழரைக் கொண்டே சுட்டுக் கொல்லச் செய்தார். கலகத்தின் காரணம் பசியே என்பதை அவரினும் நன்கறிந்தவர் இலர். அப்பசியைத் தீர்க்குமாறு நாடுகளின் தலைவர் சிலர்க்கு அவர் அம்மாதமே முறையிட்டிருந்தார். ஒழுங்கு சிதைந்தால் சேனையே இல்லையாகும் என்று அவர் கருதினார். அம்முடிவு சரியா என்று படிப்போர் நெஞ்சம் இன்றும் கலங்கும். தலைமையின் சுமை மாலைகளால் ஆயதன்று. இத்தகைய இரவுகளால் ஆயது.

அவ்வாண்டிலேயே விடிவு வந்தது. விர்ஜீனியாவின் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் பிரபு தம் சேனையுடன் தங்கியிருந்தார். பிரெஞ்சுக் கப்பற்படை அங்கு வருவதை அறிந்த வாஷிங்டன், நியூயார்க்கைத் தாக்கப்போவதாகப் பகைவரை நம்பவைத்து, பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவுடன் தெற்கு நோக்கி விரைந்தார். வழியில் ஆறாண்டுகளுக்குப் பின் முதன்முறையாகத் தம் வீட்டைக் கண்டார். கடல்வழி பிரெஞ்சுக் கப்பல்களால் அடைபட, நிலவழி முற்றுகையால் அடைபட, அக்டோபர் 19ஆம் நாள் கார்ன்வாலிஸின் சேனை சரணடைந்தது. நோயென்று கூறி அவர் நேரில் வரவில்லை. தம் துணைத் தளபதியை அனுப்பினார். இதே கார்ன்வாலிஸ்தான் 1786இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792இல் திப்பு சுல்தானுடன் செய்த உடன்படிக்கையால் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனியார் வசமாக்கியவர். அமெரிக்காவில் இறங்கிய கொடி நம் நாட்டில் ஏறிய வரலாறு இங்ஙனம் ஒருவர் வாழ்விலேயே இணைகின்றது.

போர் ஓய்ந்தும் சோதனை ஓயவில்லை. சம்பளப் பாக்கி தீராமலே சேனையைக் கலைக்கப்போகிறார்கள் என்னும் அச்சம் பரவியது. 1782இல் ஓர் அதிகாரி, வாஷிங்டன் முடிசூட வேண்டுமென்ற கருத்தை அவருக்கே எழுதினார். அவர் அதனை அருவருப்போடு மறுத்தார். 1783 மார்ச்சு மாதம் நியூபர்க்குப் பாசறையில், மகாசபையை ஆயுதத்தால் அச்சுறுத்தத் தூண்டும் கடிதங்கள் பெயரின்றி உலவின. 15ஆம் நாள் கூடிய அதிகாரிகளின் கூட்டத்தில் எதிர்பாராதவாறு வாஷிங்டன் நுழைந்தார். அவர் ஆற்றிய நீண்ட சொற்பொழிவு அவர்களை முற்றும் இளக்கவில்லை. மகாசபை உறுப்பினர் ஒருவரின் கடிதத்தைப் படித்துக்காட்ட முயன்றபோது எழுத்துத் தெரியாமல் தடுமாறி, சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார். அதனை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. நாட்டின் பணியில் தலை நரைத்ததோடு கண்ணும் மங்கிவருவதைப் பொறுத்தருளுமாறு அவர் வேண்டிக்கொண்டார். போர்க்களத்திற் கலங்காத அதிகாரிகள் கண்ணீர் சிந்தினர். கலகம் அவ்வளவில் அடங்கிற்று.

1783 டிசம்பர் 23ஆம் நாள் அன்னபோலிஸ் நகரில் மகாசபையின் முன் அவர் நின்றார். எட்டரை ஆண்டுகளுக்குமுன் பெற்ற நியமனப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கையில் அவர் கைகள் நடுங்கின. அவர் தலை வணங்கினார். உறுப்பினரோ தொப்பியை மட்டும் உயர்த்தினர். ஆயுதம் ஏந்தியவர் மக்கள் பிரதிநிதிகளுக்குக் கீழ்ப்பட்டவர் என்பதற்கு அவ்வணக்கமே சான்று. மறுநாள் மாலை தம் வீட்டை அடைந்தார். பின்னர் 1789இல் முதற் குடியரசுத் தலைவராகி, இருமுறை அப்பதவியை வகித்து, 1797இல் தாமே விலகி, 1799 டிசம்பர் 14ஆம் நாள் காலமானார்.

இப்பெரியாரின் வாழ்வில் ஒரு களங்கம் உண்டு. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. விடுதலைக்குப் போராடியவர் தம் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தார். போர்க்காலம் முழுதும் அவரருகே குதிரையிற் சென்ற வில்லியம் லீ என்பவரும் அடிமையே. வாஷிங்டன் தம் மரண சாசனத்தில் லீக்கு உடனே விடுதலையும் ஆண்டுக்கு முப்பது டாலரும் அளித்தார். தமக்குரிய ஏனைய அடிமைகள், மனைவியின் காலத்துக்குப்பின் விடுதலை பெறுமாறு எழுதினார். 1801ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே மார்த்தா அவர்களை விடுவித்தார். மனைவியின் முன்னைக் குடும்பத்துக்குரிய அடிமைகளை விடுவிக்கவோ சட்டம் இடந்தரவில்லை. தாம் நாட்டுக்குத் தேடிய நீதியைத் தம் வீட்டுக்கு அளிக்க அவருக்கு ஆயுள் முழுதும் வேண்டியிருந்தது.

மாணவ நண்பர்களே, வெற்றி பெறுவோர் பலர். தோல்வியில் தம்மைச் சார்ந்தோரைக் கைவிடாதோர் சிலர். வெற்றி வந்தபின் அதனைத் தம் உடைமையாக்காதோர் மிகச் சிலர். பனியில் வெறுங்காலோடு நின்ற பெயரறியா வீரர் அவரை நம்பினர். அந்நம்பிக்கையை அவர் விலைக்கு விற்கவில்லை. வாஷிங்டனின் வரலாறு முடிவாக நமக்குக் கூறுவது இதுவே.